‘ஒருவேளை’யின் எடை 2 கிலோ 150 கிராம்: உயர மலைக்கான சாமான்கள், கேள்வி பதில்

நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது 3000 மீட்டருக்கு மேலே, மரமெல்லாம் நின்றுபோன உயரத்தில், தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு நாலைந்து நாள் நடந்து டென்ட்டில் தூங்குகிறவர்களுக்கு. கீழ்மலையில் இரண்டு நாள் நடை என்றால் இதில் பாதி தேவைப்படாது.

கேள்வி: அக்கா, எத்தனை கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட்? என் பை 14 கிலோ வருகிறது. ரொம்ப மோசமா?

எதையெல்லாம் சேர்த்து 14 கிலோ என்று சொல்லவில்லையே தம்பி. சாப்பாடு, தண்ணீர், கேஸ் மூன்றும் போகப்போகத் தீர்ந்துவிடும். அவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் நிற்பதைத்தான் பேஸ் வெயிட் என்பார்கள். அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட், 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட். நடக்கிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கோடுதான் இது. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இடத்துக்கு 6, 6.5 கிலோ வந்தாலே நான் கை தட்டுவேன், 4.5-தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கிராம் காட்டுகிற சமையலறைத் தராசில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதுங்கள். ஒரு தோழியின் பையை அப்படித் தரையில் கொட்டிப் பார்த்தோம். டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் பரவாயில்லை. ஆனால் சாமானைப் பிரித்துப் போட ஒன்பது சின்னப் பைகள், வெறும் பைகளே 340 கிராம். மூன்று டி ஷர்ட், ஒருவேளை நனைந்தால். ஒரு ஜீன்ஸ், ஒருவேளை நடை முடிந்து எங்காவது போனால், அது மட்டும் 700 கிராம். இரண்டாவது பவர் பேங்க், ஒருவேளை முதலாவது காலியானால். அப்புறம் முழு பாட்டில் ஷாம்பு, அதற்கு அவளிடமே காரணம் இல்லை. இந்த ‘ஒருவேளை’களைத் தனியாகக் குவித்துத் தராசில் வைத்தோம்: 2 கிலோ 150 கிராம். ஒரு காசு செலவில்லாமல் அத்தனையும் இறங்கியது.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வசதியில்லை. முதலில் எதற்குப் பணம் போடுவது? நல்ல லேசான பையாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பையைக் கடைசியில் வாங்குங்கள். எல்லோரும் இதில்தான் தலைகீழாகப் போகிறார்கள். தூங்குவதற்கானது, தங்குவதற்கானது, தூக்குவதற்கானது, இந்த மூன்றில்தான் பெரிய எடை இருக்கிறது. முதலில் தூக்கம், அடுத்து டென்ட். இரண்டும் சிறுத்த பிறகுதான் உங்களுக்கு 40 லிட்டர் பை போதுமா 55 வேண்டுமா என்றே தெரியும். முதுகைத் தாங்குகிற சட்டமே இல்லாத அரைக்கிலோ பையை ஆசைப்பட்டு வாங்கி அதில் 12 கிலோவைத் திணித்தால் மொத்தச் சுமையும் தோளில்தான் தொங்கும், இரண்டாம் நாள் மதியத்துக்குள் அந்தப் பையைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 9 கிலோவைத் தாண்டும் என்றால் சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள பைதான் சரி, அதற்காக 400 கிராம் கூடினாலும் பரவாயில்லை. மழைக்கு மேலுறை வாங்காதீர்கள், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். கெட்டியான பாலித்தீன் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் சாமானை அடுக்கி வாயை முறுக்கிவிட்டால் போதும்.

கேள்வி: மேடம், என் ஸ்லீப்பிங் பேக்கில் மைனஸ் 5 டிகிரி என்று போட்டிருக்கிறது. இரவு பூஜ்யம்கூட ஆகியிருக்காது, நான் விடிய விடிய நடுங்கினேன். கம்பெனிக்காரர்கள் பொய் சொல்கிறார்களா?

பொய் என்று சொல்ல முடியாது, நீங்கள் எந்த எண்ணைப் பார்த்தீர்கள் என்பதுதான் விஷயம். ஐஎஸ்ஓ 23537 என்கிற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். குளிர் அதிகம் தாங்காத சராசரிப் பெண் உடலுக்குக் கணக்கிட்டது கம்ஃபர்ட். லிமிட் என்பது சராசரி ஆண் உடல் சுருண்டு படுத்து எப்படியோ இரவை ஓட்டிவிடுகிற அளவு. எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்பலாம் என்கிற எல்லை, அதைத் தூக்கத்தோடு சேர்த்துப் பேசவே கூடாது. பெரிய எழுத்தில் அட்டையில் அச்சாகிற எண் பல சமயம் லிமிட்டாகத்தான் இருக்கும். நீங்கள் பெண் என்றாலும், ஆணாகவே இருந்து குளிர் ஆகாத உடம்பு என்றாலும், கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

போகிற இடத்தின் குளிரை ஒரு மனக்கணக்கில் பிடிக்கலாம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். 1500 மீட்டரில் இருக்கிற அடிவாரத்தில் இரவு 12 டிகிரி என்றால் 4500 மீட்டரில் ஏறக்குறைய மைனஸ் 7 அல்லது 8. வானம் தெளிந்த இரவில் இன்னும் கீழே போகும்.

ஆனால் உங்கள் நடுக்கத்துக்கு நான் சந்தேகப்படுவது பையை இல்லை, அடியில் விரிக்கிற ஸ்லீப்பிங் மேட்டை. நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கிற தூவி, அதாவது பைக்குள் அடைத்த மெல்லிய பறவை இறகு, நசுங்கித் தட்டையாகிவிடும், நசுங்கிய தூவியில் காற்று நிற்காது, சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது மேட் மட்டும்தான். அது சூட்டை எவ்வளவு தடுத்து நிறுத்தும் என்பதற்கு ஆர் வேல்யூ என்று ஓர் எண் இருக்கிறது, 2018-இல் ஏஎஸ்டிஎம் என்கிற தர அமைப்பு அதற்குப் பொதுவான சோதனை முறை கொண்டுவந்ததால் அந்த முறையில் அளந்த மேட்களை, எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஒப்பிடலாம். மடிக்கிற ஃபோம் மேட் சுமார் 2 இருக்கும். உறைந்த தரைக்கு 4 வேண்டும், பனி மேலே படுத்தால் 5-க்கு மேல். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்கள் அப்படியே கூடும். நானே அப்படித்தான் செய்கிறேன், ஊதுகிற மேட் ஓட்டையானால் கீழே ஃபோமாவது இருக்கும்.

தூவி பற்றியும் நாலு பேர் கேட்டிருந்தீர்கள். 800, 900 என்று போடுகிற ஃபில் பவர் தூவியின் தரத்தைச் சொல்கிறது, பை எவ்வளவு சூடு என்பதை அது சொல்லாது. உள்ளே எத்தனை கிராம் தூவி அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். 900 ஃபில் பவரில் 250 கிராம் அடைத்த பையைவிட 700-இல் 500 கிராம் அடைத்த பை சூடாகத்தான் இருக்கும். தூவி நனைந்தால் கட்டியாகி உதவாமல் போகும், அதனால்தான் அந்த பாலித்தீன் பையைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

க்வில்ட் என்கிற, அடிப்பக்கம் இல்லாத பை நல்ல யோசனைதான், எப்படியும் நசுங்கப்போகிற தூவியை எதற்குத் தூக்க வேண்டும்? 200, 300 கிராம் மிச்சமாகும். புரண்டு படுக்கிறவர்களுக்கு ஓரத்தில் காற்று புகும். முதல் உயர மலைக்கே அதை எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: நடைக்கம்பை நட்டு நிறுத்துகிற ஒற்றைச் சுவர் டென்ட் 600 கிராமுக்குக் கிடைக்கிறது. பாறையும் காற்றும் உள்ள இடத்தில் நம்பலாமா?

நம்பலாம், ஆனால் வீட்டுப் பக்கத்தில் நாலு தடவை போட்டுப் பழகிய பிறகு. இந்த டென்ட் நிற்பதே ஆணிகளின் இழுப்பில், பாறைத் தரையில் ஆணி இறங்காது. இரண்டு மீட்டர் மெல்லிய கயிறு ஐந்தாறு துண்டு எடுத்துக்கொண்டு, அதைக் குறுக்கே ஒரு நீளக் கல்லில் சுற்றி, அதன் முன்னால் பெரிய கல்லைத் தூக்கி வைக்கப் பழகுங்கள். டென்ட் துணி சில்நைலான் (சிலிக்கோன் பூசிய நைலான்) என்றால் நனைந்தால் தொய்யும், இரவில் ஒரு தடவை எழுந்து இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். டைனீமா காம்போசிட் என்கிற துணி தொய்யாது, தண்ணீரும் குடிக்காது, விலைதான் மயக்கம் வரவைக்கும். ஒற்றைச் சுவர் என்றால் ஒரே அடுக்குத் துணி, அதில் மூச்சுக் காற்று உள்பக்கமே படிந்து விடியற்காலையில் உறைபனியாகக் கொட்டும், அதைத் துடைக்க ஒரு சின்னத் துணி வேண்டும். பனி கொட்டுகிற பருவம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், தானாக நிற்கிற இரட்டைச் சுவர் டென்ட்தான்.

கேள்வி: ஷூ?

உடம்பில் வேறெங்கும் தூக்குகிற எடையைவிடக் காலில் தூக்குவது நாலைந்து மடங்கு களைப்பு. பாதையும் கல்லும் என்றால் டிரெயில் ரன்னர் என்கிற லேசான ஓட்ட ஷூ போதும், நனைந்தால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். பனியில் வழுக்காமல் இருக்கக் கிராம்பான் என்கிற இரும்பு முட்கள் மாட்டுகிற இடம் என்றால் விறைப்பான பூட்ஸ். இதில் நடுவழி தேடாதீர்கள்.

கேள்வி: சகோ, 4000 மீட்டரில் காலையில் கேஸ் ஸ்டவ் எரியவே இல்லை. கேனில் பாதிக்கு மேல் கேஸ் இருந்தது. ஸ்டவ் பழுதா?

ஸ்டவ்வுக்கு ஒன்றும் இருக்காது. (சகோவில் நான் சகோதரி.) கேன் உள்ளே திரவமாக இருப்பது ஆவியானால்தான் வெளியே வரும். சாதா பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதிக்கும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12-க்குப் பக்கத்தில், புரொப்பேன் மைனஸ் 42-இல். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் சலுகை கிடைக்கும், அவ்வளவுதான். கலவையில் புரொப்பேன் முதலில் ஓடிப்போகும், அதனால் புதுக் கேன் ஜோராக எரியும், பாதிக் கேன் காலையில் முரண்டு பிடிக்கும். சாதா பியூட்டேன் கேனை விட்டுவிட்டு ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவை வாங்குங்கள். இரவில் கேனைக் காலடியில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுத் தூங்குங்கள். எரிக்கும்போது ஒரு தட்டில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றிக் கேனை அதில் நிறுத்துங்கள், உறையாத தண்ணீர் எதுவானாலும் அந்தக் கேனைவிடச் சூடுதான். காற்றுத் தடுப்பைக் கேனைச் சுற்றி முழுக்க மூடாதீர்கள், சூடு ஏறி வெடிக்கும். மூடிய டென்ட்டுக்குள் எரிக்கவே கூடாது.

ஆல்கஹால் ஸ்டவ் 20 கிராம்தானே என்று இன்னொருவர் கேட்கிறார். ஸ்டவ் லேசுதான், ஆனால் ஒரு கிராம் ஆல்கஹாலில் கேஸில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் சூடு. இரண்டு நாளுக்குச் சரி, ஐந்து நாளுக்கு பாட்டில் கனக்கும். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் எந்த எரிபொருளானாலும் ஏறக்குறைய இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 4500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. வேகவைக்கிற சாப்பாட்டை விட்டுவிட்டு வெந்நீரில் ஊறினாலே போதும் என்கிறதை எடுத்துப் போங்கள்.

கேள்வி: தண்ணீருக்கு ஃபில்டரா மாத்திரையா?

ஃபில்டர்தான் வைத்திருந்தேன். 4000 மீட்டருக்கு மேலே ஓர் இரவு அதை டென்ட் வாசலில் மறந்துவிட்டேன். காலையில் குலுக்கிப் பார்த்தால் உள்ளே கடகடவென்று ஐஸ். உருகியதும் தண்ணீர் முன்பைவிட வேகமாக வந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். உள்ளே இருக்கிற நுண்குழாய்கள் உறைந்து கிழிந்ததால்தான் அந்த வேகம் என்று இரண்டு நாள் கழித்து வயிறு சொன்னது. கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை உறைந்த ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இரவில் அதுவும் ஸ்லீப்பிங் பேக்குக்குள், கேனுக்குப் பக்கத்தில். இந்த ஃபில்டர் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. அதனால் பத்துக் குளோரின் டையாக்சைடு மாத்திரையும் வைத்திருக்கிறேன், சில கிராம்தான். குளிர்ந்த தண்ணீரில் அது முழுதாக வேலை செய்ய நாலு மணி நேரம் ஆகும், இரவில் போட்டு வைக்கலாம். கொதிக்கவைப்பதானால் 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கேள்வி: 1955-இல் எம்மா கேட்வுட் என்கிற அம்மாள் 67 வயதில் கேன்வாஸ் ஷூவும் துணி மூட்டையுமாக அமெரிக்காவின் நீண்ட நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் நடந்தார். நீங்கள் சொல்கிற ஆர் வேல்யூ எல்லாம் வியாபாரம்தானே?

அந்த அம்மாள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. வீட்டில் தைத்த மூட்டை, மழைக்குக் குளியலறைத் திரை. ‘ஒருவேளை’ எதுவும் அந்த மூட்டையில் இல்லை, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பாதையின் உச்சியே 2025 மீட்டர்தான். நாம் கூடாரம் போடுகிற இடம் அதற்கு இரண்டு மடங்கு உயரம்.

கேள்வி: அக்கா, எதை மட்டும் குறைக்கவே கூடாது?

உட்கார்ந்திருக்கும்போது போடுகிற தூவி ஜாக்கெட், நல்ல மழை ஜாக்கெட், நடக்கும்போது தொடவே தொடாத ஒரு ஜோடி உலர்ந்த உள்ளாடையும் காலுறையும். இரண்டு ஜோடிக் கையுறை, காற்றில் ஒன்று பறந்தால் விரல் போகும். கறுப்புக் கண்ணாடி: 1000 மீட்டருக்கு 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும், கண் வெந்துபோகும். வரைபடம், திசைகாட்டி, முதலுதவி.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பை லேசானதும் கால் வேகமாகப் போகும், ஆனால் உயரத்துக்குப் பழகுகிற வேலை ரத்தத்திலும் நுரையீரலிலும் அதன் வேகத்தில்தான் நடக்கும். 3000 மீட்டருக்கு மேல் தூங்குகிற இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. மதியம் ஒரு மணிக்கே முகாமுக்கு வந்து சேர்ந்து, உடம்பில் தெம்பும் இருந்து, அடுத்த முகாம் 700 மீட்டர் மேலே கண்ணுக்குத் தெரிகிறபோது உட்கார்ந்திருப்பது கஷ்டம். உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தலைவலியோடு வாந்தி என்றால் மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இரவா பகலா என்று பார்க்காமல் கீழே இறங்குங்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், பல் துலக்குகிற பிரஷ்ஷை வெட்டியிருக்கிறீர்களா?

வெட்டினேன். 7 கிராம் குறைந்தது. கடைவாய்க்கு எட்டவில்லை. அடுத்த தடவை முழு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சீப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.