பேக்கப்பும் தூக்கமும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் கட்டுரைகளை இரவு ஷிஃப்டில்தான் வாசிப்பேன். சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் டிபிஏவாக, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியாக இருக்கிறேன். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்களை எங்கள் டீம் கவனித்துக்கொள்கிறது. என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியாது. கல்யாண புரோக்கரிடம் அம்மா, 'கம்ப்யூட்டர்ல கணக்கு பாத்துக்கறான்' என்கிறாள். ஆபீஸிலும் எல்லாம் ஒழுங்காக ஓடினால் நான் இருப்பதே தெரியாது. ஏதாவது ஸ்லோ ஆனால் முதல் போன் எனக்குத்தான்.

இப்போது எல்லாம் கிளவுடுக்குப் போகிறது. டேட்டாபேஸ் இனி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், ஏஐ வேறு வந்துவிட்டது. இந்த வேலைக்கு இன்னும் எத்தனை வருடம் ஆயுள்? டேட்டா இன்ஜினியரிங் பக்கம் போய்விடலாமா?

இன்னொன்று. டேட்டாபேஸில் மதிப்பு இல்லை என்று குறிக்கும் 'நல்' (NULL) என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பௌத்தம் சொல்லும் சூன்யம் நினைவுக்கு வருகிறது. அதைப்பற்றி ஒரு கவிதை எழுதி இணைத்திருக்கிறேன்.

வேலையில் இருக்கும் ஒரே ஆறுதல், தினமும் அதிகாலையில் பேக்கப் ஓடி முடிந்து டாஷ்போர்டில் பச்சை டிக் வருவதுதான். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய கடைசி இரண்டு வரிகள்தான் எனக்குள் நின்றுவிட்டன. மற்றவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

கவிதையைப் படித்தேன். தயவுசெய்து வேண்டாம். நல் என்பது சூன்யமும் இல்லை, பூஜ்யமும் இல்லை. இங்கே என்ன வரவேண்டும் என்று தெரியாமல் ஒரு குமாஸ்தா நிரப்பாமல் விட்ட கட்டம், அவ்வளவுதான். (ஓர் எழுத்துகூட இல்லாத வெற்றுச் சொல்லையும் நல்லையும் ஆரக்கிள் ஒன்றாகவே வைத்திருப்பது தனி வயிற்றெரிச்சல்.) 'நாட் இன்' போட்டு, இந்தப் பட்டியலில் இல்லாதவற்றைக் கொடு என்று டேட்டாபேஸைக் கேட்கும்போது அந்தப் பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் புகுந்துவிட்டால் ஒரு வரிகூட வெளியே வராது. பலர் அதில் அரை நாளைத் தொலைத்திருப்பார்கள். அதைக் கவிதையாக எழுதினால் வாசிக்கிறேன். சூன்யத்தைப் பேசிய பௌத்த ஞானி நாகார்ஜுனரை விட்டுவிடுங்கள், அவருக்கு ஆன்-கால் டியூட்டி கிடையாது.

வேலை போய்விடுமா? 2003இல் ஆரக்கிள் 10ஜி வந்தபோதே, தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ளும் டேட்டாபேஸ் என்று சொல்லித்தான் விற்றார்கள். 2017இல் ஆரக்கிளை நிறுவிய லாரி எலிசன் மேடையேறி, மனிதக் கை தேவையே இல்லாத தானியங்கி டேட்டாபேஸ் என்று மறுபடி அறிவித்தார். அதற்கப்புறமும் நீங்கள் நடுராத்திரியில் விழித்திருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பேட்ச் போடுவது, ஸ்பேஸ் கூட்டுவது போன்ற வேலைகள் போகும், போகட்டும். டேட்டா இன்ஜினியரிங் பிடித்திருந்தால் படியுங்கள். இதில் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பு கிடையாது.

அம்மா சொன்னது மிகச் சரி. நீங்கள் செய்வது அதுதான்.

இப்போது அந்தப் பச்சை டிக்குக்கு வருகிறேன். கொஞ்ச காலமாகவே இதைத்தான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசாங்கத்தின் டேட்டா சென்டர் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த 'ஜி-டிரைவ்' மொத்தமாக அழிந்தது. 858 டெராபைட். சொந்த கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இதில் வையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நம்பி வைத்தார்கள். வெளியே நகல் எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டால், அளவு மிகப் பெரியது, அதனால் எடுக்கவில்லை என்று பதில்.

இதுகூடப் பரவாயில்லை. நகல் இல்லை என்பது அங்கே இருந்த யாரோ சிலருக்காவது தெரிந்திருக்கும். எனக்குப் பயம் இன்னொரு வகையைப் பார்த்துத்தான். நகல் இருக்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள், தேவைப்படும் அன்று பார்த்தால் இருக்காது.

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரளவில் தெரிந்திருந்தால் போதாது, அவர்கள் வெளியிட்ட அறிக்கையை உட்கார்ந்து வாசியுங்கள். 2017 ஜனவரி 31. அவர்களுக்கு இரண்டு போஸ்ட்கிரஸ் சர்வர்கள். ஒன்று பிரதானம், இன்னொன்று அதன் பிரதி. லோடு ஏறியதில் பிரதி பின்தங்கி அறுந்துவிட்டது. ஒரு பொறியாளர் அதைத் திரும்ப ஒட்டவைக்கப் பார்க்கிறார். ராத்திரியாகிவிட்டது, கிளம்பவேண்டிய நேரம், அது ஒட்டமாட்டேன் என்கிறது. பிரதியில் பழைய டேட்டா கிடப்பதுதான் இடைஞ்சல் என்று நினைத்து அந்த டைரக்டரியை அழிக்கும் கட்டளையைக் கொடுக்கிறார். கொடுத்தது பிரதான சர்வரில். ஓரிரு நொடியில் உறைத்து நிறுத்துகிறார். 300 ஜிபியில் மிச்சம் 4.5 ஜிபி.

அதுவரைக்கும் நடந்தது யார் கைக்கும் நடக்கக்கூடியது. அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்க்கவேண்டிய இடம் வருகிறது. பேக்கப்பைத் தேடிப் போனால், தினமும் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்த டம்ப், அதாவது மொத்த டேட்டாவின் நகல், போய்ச் சேரும் இடம் காலியாக இருக்கிறது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி பழைய 9.2 பதிப்பு. அது ஒவ்வொரு நாளும் பிழை சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்திருக்கிறது. பிழை வந்தால் மெயில் போகவேண்டும். போயிருக்கிறது. மெயில் சர்வர் அதை முறையான மெயில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்கை அந்த நேரத்து நிலையில் அப்படியே பிடித்துவைக்கும் கிளவுடின் ஸ்நாப்ஷாட்? டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதைப் போடவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணிநேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்நாப்ஷாட். அதையும் மெதுவான டிஸ்கிலிருந்து நகலெடுத்து முடிக்கச் சுமார் 18 மணிநேரம் ஆனது. அந்த ஆறு மணிநேர டேட்டா போனது போனதுதான். ஏறத்தாழ 5,000 ப்ராஜெக்டுகள், 5,000 கமெண்டுகள், 700 புதிய கணக்குகள்.

மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாக ஓடவிட்டு உலகத்தையே பார்க்க வைத்தார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. நம் ஊர் கம்பெனிகளில் 'டெக்னிகல் இஷ்யூ' என்ற இரண்டு வார்த்தையோடு முடிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் இறுதியில் நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இடிபி செக்ஷனில், அதாவது கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடும் ஒரு சர்வர், அதில் ஆரக்கிள் 7, நீளமான அறையில் வரிசையாக டெர்மினல்கள். சம்பளம், பஞ்சு ஸ்டோர், நூல் டெஸ்பாட்ச் எல்லாம் அதில்தான். ராத்திரி எக்ஸ்போர்ட் எடுத்து டாட் (DAT) என்ற சின்ன கேசட் டேப்பில் ஏற்றுவோம். 'எக்ஸ்போர்ட் டெர்மினேட்டட் சக்ஸஸ்ஃபுல்லி வித்தவுட் வார்னிங்ஸ்' என்று திரையில் வரும். உங்கள் பச்சை டிக்கின் தாத்தா அது. அந்த வரியைப் பார்த்ததும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவோம்.

எங்கள் மேனேஜருக்கு அந்த வரிமேல் நம்பிக்கையே கிடையாது. கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழிக் காலத்து ஆள். கோபக்காரர், லீவ் கேட்டால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மாதாமாதம் சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் டீ கொண்டுவரும் பையனைக் கூப்பிட்டு, பீரோவிலிருந்து ஏதாவது ஒரு டேப்பை எடுத்துவரச் சொல்லுவார். எங்களை எடுக்கவிட மாட்டார். நாங்கள் எடுத்தால் நேற்றைய டேப்பாகப் பார்த்து எடுப்போம் என்று அவருக்குத் தெரியும். மூலையில் ஒரு பழைய மெஷின், அதற்குத் தனியாக டேப் டிரைவ். அதில் போட்டு இம்போர்ட் ஓடவிடுவார். மத்தியானம் ஆகிவிடும்.

ஓடி முடிந்தால் விட்டுவிடுவாரா? அந்த டேப் எழுதிய மாதத்துச் சம்பள ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் விரிப்பார், வரிக்கு 132 எழுத்து கொள்ளும் அகலப் பேப்பரில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு பெயருக்குக் கீழே ஸ்கேலை வைப்பார். அந்த டோக்கன் நம்பரை நாங்கள் திரையில் எடுக்கவேண்டும். அடிப்படைச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, பண்டிகை அட்வான்ஸ் பிடித்தம், கைக்கு வந்த தொகை. நாங்கள் வாசிக்க வாசிக்க அவர் பேப்பரில் பென்சிலால் புள்ளி வைப்பார். முதல் பக்கத்தில் ஒருவர், கடைசிப் பக்கத்தில் ஒருவர். ரிஜிஸ்டரின் கடைசியில் இருக்கும் ஆள் எண்ணிக்கையும் டேபிளில் உள்ள வரிகளும் ஒத்துப்போகவேண்டும். அப்புறம் ஒரு நோட்டில் டேப் நம்பர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எங்கள் கையெழுத்து.

இளவயதுத் திமிர், நான் ஒருநாள் கேட்டேன். தினமும்தான் சக்ஸஸ் என்று வருகிறதே சார், எதற்கு இது? 'ஏந் தம்பி, பஞ்சர் ஆனப்புறந்தான் ஸ்டெப்னியில காத்து இருக்குதான்னு பார்ப்பியா?' என்றார். அத்தோடு என்னைத்தான் அந்த மாதம் முழு ரிஜிஸ்டரையும் சரிபார்க்க வைத்தார்.

ஒரு மாதம் பையன் எடுத்துவந்த டேப் அந்த மெஷினில் படிக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. சர்வரில் போட்டால் இரண்டும் அழகாகப் படிக்கின்றன. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துச் சொன்னார், சர்வரில் இருந்த டிரைவின் ஹெட் நாளடைவில் கொஞ்சம் விலகிப்போயிருக்கிறது, அது எழுதியதை அதுவே படிக்கும், மற்ற டிரைவ் எதுவும் படிக்காது. அதாவது பீரோ நிறைய டேப். தினமும் சக்ஸஸ். அந்த ஒரு டிரைவ் செத்தால் எல்லாம் குப்பை. சர்வர் அறையில் தீப்பிடித்தால் டிரைவும் சேர்ந்துதானே எரியும்? அது உயிரோடு இருக்கும்போதே பழைய டேப்புகளைப் படித்துப் புது டிரைவில் திரும்ப எழுதினோம். எதற்கு இத்தனை ஓவர்டைம் என்று மேலே கேட்டதற்கு அவர் 'டேப்பெல்லாம் துடைக்கிறோமுங்க' என்று சொல்லிவிட்டார். விளக்கினால் புரியாது என்பது ஒன்று. புரிந்தால் பயந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று.

எங்களுக்கு பிரதி இருக்கிறது, வேறு ஊரில் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். டெலீட் கட்டளையில் எந்த வரிகளை என்று சொல்லும் 'வேர்' (WHERE) போட மறந்து, உறுதிசெய்யும் கமிட்டும் அடித்துவிட்டால் பிரதியும் அதை அடுத்த நொடியில் பணிவோடு செய்து முடித்துவிடும். டேண்டம் என்ற கணினி கம்பெனியில் இருந்த ஜிம் கிரே 1985லேயே அவர்களின் கணினிகள் ஏன் நிற்கின்றன என்று கணக்கெடுத்தார். 42 சதவீதம் நிர்வாகத்தின் கை. ஆபரேட்டர் செய்தது, கான்ஃபிகர் செய்தது, பராமரிப்பு என்று தொட்டது. ஹார்டுவேர் அதில் பாதிகூட இல்லை. உங்கள் டிபிஏ வேலையின் அஸ்திவாரமே அவர் டிரான்சாக்ஷன் பற்றி யோசித்தவற்றில் நிற்கிறது, 1998இல் டூரிங் விருது அதற்காகத்தான் கொடுத்தார்கள். நாகார்ஜுனருக்குப் பதில் அவரைப் படிக்கலாம். கிளவுடில் தானாக பேக்கப் ஆகிறது என்பதையும் பிரதியைப் போலவே அப்படியே நம்பமுடியாது. ஏழு நாள் மட்டும் வைத்திருக்கும் பேக்கப்பில், மூன்று வாரமாக யாரும் கவனிக்காத தவறு எப்படி அகப்படும்?

எஸ்., உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து, அதாவது டேட்டாவைத் திரும்ப மீட்டுப் பார்த்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சூன்யத்துக்கு நேரம் இருந்திருக்கிறது. அந்த டேபிள்களில் இருப்பது யாரோ ஒருவரின் கணவருடைய பாலிசி எண். அந்தப் பெண் அதை போனில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது 'ரெக்கார்ட் கிடைக்கவில்லை' என்று ஒரு பதில் வந்தால், உங்கள் டாஷ்போர்டின் பச்சை அவளுக்கு எதற்கு?

ரீஸ்டோர் செய்து பார்க்கத் தனி சர்வர் தரமாட்டார்கள் என்று சொல்வீர்கள். எழுத்தில் கேட்டீர்களா? வாய்வார்த்தையாகக் கேட்டு அவர்கள் சிரித்துவிட்டுப் போயிருந்தால் அது கேட்டதாகாது. மெயிலில் கேளுங்கள், மறுப்பும் மெயிலில் வரட்டும். அதுவரை ஆரக்கிளின் பேக்கப் கருவி ஆர்மேன் (RMAN) இருக்கிறதே, 'ரீஸ்டோர் வேலிடேட்' கொடுத்தால் எங்கும் எழுதாமல் பேக்கப்பைப் படித்தாவது பார்க்கும். அது பாதிக் கிணறு. இருப்பதிலேயே சின்ன டேட்டாபேஸாக ஒன்றை எடுத்து முழுதாக ரீஸ்டோர் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் செய்து தொலைக்காதீர்கள், பாலிசிதாரர்களின் விவரம் அது. அனுமதி வாங்கி, ஆபீஸ் மெஷினில், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு மற்றவர்கள் தொடும்படி கொடுங்கள். மறைக்கும் முன்னால் ஒரு பாலிசியை எடுத்து, அதே தேதியில் வந்த ஏதாவது ஒரு ரிப்போர்ட்டோடு வைத்து வரிவரியாகப் பாருங்கள். எந்தப் பாலிசி என்று டீமில் புதிதாகச் சேர்ந்தவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும் வேண்டும், உத்தேசமாக வேண்டாம். அதில் எவ்வளவு நேரம் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று தேடுவதில் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். க்ளையண்டோடு போட்ட ஒப்பந்தத்தில் எத்தனை மணிநேரத்தில் மீட்டுத் தருவோம் என்று ஒரு எண் இருக்கும், அதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எனக்கு எழுதும் முன் உங்கள் மேனேஜருக்கு எழுதிவிடுங்கள்.