எங்கேயோ இடிக்குதே!

கேள்வி: ‘சந்தேகம்’ வடசொல். அதற்கு ஈடாகப் பேச்சிலும் வட்டார வழக்கிலும் பழைய தமிழ்ச் சொற்கள் உண்டா? டுபாக்கூர், டகால்டி, கப்சா தவிர எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நம் முன்னோர் அத்தனை வெள்ளந்திகளா?

பதில்: நீங்கள் எழுதிய மூன்றும் ஏமாற்றுகிறவனுக்கும் அவன் சரக்குக்கும் உள்ள பெயர்கள். திருடர்களைப் பட்டியல் போட்டுவிட்டுக் காவல்காரனைக் காணோம் என்கிறீர்கள்!

பழந்தமிழில் இரண்டு வகைச் சந்தேகத்துக்கும் சொல் இருந்தது. மங்கலில் நிற்பது மரக்கட்டையா ஆளா என்று தெரியாமல் விழிப்பது ஐயம். தொல்காப்பிய உரைகாரர்களின் ‘குற்றியோ மகனோ’ இதுதான். இதில் யார்மீதும் பழி இல்லை. ஒருவன்மீது மனம் கசந்து அவனை நம்ப மறுப்பது வேறு; அதற்கு ஐயத்தோடு ‘கடுத்தல்’ என்ற சொல்லும் இருந்தது. ‘கடுத்தபின் தேற்றுதல் யார்க்கும் அரிது’ என்கிறது 693-ஆம் குறள். மன்னனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டால், பிறகு யார் வந்தும் அவனைத் தெளியவைக்க முடியாதாம். நாமோ அந்தச் சொல்லைப் பெரும்பாலும் ‘கால் கடுக்குது’ என்று வலிக்குத்தான் மிச்சம் வைத்திருக்கிறோம். ‘அயிர்த்தல்’ என்றும் ஒன்று உண்டு. அது அகராதியோடு சரி.

வட்டார வழக்கு கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் ‘ஐமிச்சம்’ உண்டு. ‘எனக்கு அவனிலை ஒரு ஐமிச்சம்’ என்பார்கள். எழுத்தில் நாம் பெருமையாகப் போடும் ‘அவநம்பிக்கை’யோ தலை வடமொழி, உடல் தமிழ். சண்டையில்கூட யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘உன்மேல நம்பிக்கை இல்ல’ என்றுதான் கத்துகிறார்கள். (‘டவுட்டு’ வந்த பிறகு ‘சந்தேகம்’கூடப் பழஞ்சொல் கணக்கில் சேர்ந்துவிட்டது.)

நீங்கள் கோட்டை விட்டது வினைச்சொற்களை. எண்கள் சேரவில்லையென்றால் ‘கணக்கு உதைக்குது’. நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் ஒட்டவில்லையென்றால் ‘எங்கேயோ இடிக்குது’. சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை, ஆனாலும் விரலில் முடிச்சு தட்டுகிறது என்றால் ‘நெருடுது’. மூன்றும் மூன்று பக்குவம்.

இவற்றில் ‘நான்’ எங்கே என்று பாருங்கள். உதைப்பது கணக்கு, இடிப்பது கதை. ‘உன்னைச் சந்தேகப்படுகிறேன்’ என்றால் உறவு முறியும். ‘எங்கேயோ இடிக்குதேப்பா’ என்றால் பழி கதையோடு நிற்கும். எதிராளி அதைத் திருத்திச் சொல்ல வழியும் இருக்கும். இப்படி நாசூக்காகச் சந்தேகப்பட்டவர்களையா வெள்ளந்திகள் என்கிறீர்கள்?