மீதமிருக்கும் நாலு கரு: கையெழுத்துப் போடலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம்:

"2022ல் ஐ.வி.எஃப். செய்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அப்போது உருவான கருக்களில் நாலு, ஐந்தாம் நாளில் உறைய வைத்தவை, இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். ஆனாலும் 'அழித்துவிடலாம்' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. மாமியார், 'அதுவும் உசுருதானே, பாவம் வேண்டாம், உன் நாத்தனாருக்குக் கொடுத்துடு' என்கிறார். நாத்தனாருக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகக் குழந்தை இல்லை. கணவரோ, 'பணம் கட்டாமல் விட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்கிறார். நாங்கள் செய்யப்போவது கொலையா? நாத்தனாருக்குக் கொடுக்க முடியுமா? சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும்?"

கொலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு சொல் மனசில் விழுந்துவிட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும் என்பதை, கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிற நான் எத்தனையோ பெண்களிடம் பார்த்திருக்கிறேன். ஏன் இல்லை என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். வெறும் ஆறுதல் உங்களுக்குப் போதாது.

ஐந்தாம் நாள் கருவை பிளாஸ்டோசிஸ்ட் என்போம். சுமார் 100 முதல் 200 செல்கள் இருக்கும். நல்ல கண்பார்வை உள்ளவருக்கும் ஒரு தூசிப் புள்ளி மாதிரிதான் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில், ஒரு துளியில் மிகச் சிறு பங்கு திரவத்தில், உங்கள் பெயரும் எண்ணும் எழுதி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் வைத்திருக்கிறோம். வெளியே எடுத்து இளக்கும்போது அது சுருங்கிக் கசங்கிப் போய்க் கிடக்கும். ஓரிரு மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நீரை இழுத்து விரிந்து மறுபடி உருண்டையாகியிருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷமாகவே இருக்கிறது. 'வெறும் செல் கட்டி, தூக்கிப் போடுங்கள்' என்று யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது.

ஆனால் அது குழந்தையும் அல்ல. வெளிச்சுற்றில் இருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகிறவை. உள்ளே ஓர் ஓரமாக ஒட்டியிருக்கும் சிறு கூட்டத்திலிருந்துதான் குழந்தையின் உடல் வரும். நரம்பு இல்லை, மூளை இல்லை, வலியை உணர எதுவுமே இல்லை. கருவுற்று ஏறக்குறைய இரண்டு வாரம் வரை அந்த ஒன்றே இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். ஒருவரா இருவரா என்பதே முடிவாகாத நிலையில், அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? 1984ல் பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான குழு, கருவை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு 14 நாள் எல்லை போட்டதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

இயற்கையாகக் கருத்தரிக்கும்போதும் இந்தக் கட்டத்தில் இருக்கும் கருக்களில் கணிசமானவை கருப்பையில் ஒட்டாமலே போய்விடுகின்றன. அந்தப் பெண்ணுக்கே தெரியாது. மாதவிலக்கு வரும், அவ்வளவுதான். இயற்கையில் நடப்பதையெல்லாம் நாமும் செய்யலாம் என்று நான் வாதாடவில்லை. வயிற்றில் தானாக வளர்ந்துகொண்டிருக்கும் கருவை நிறுத்துவது ஒன்று. யாராவது எடுத்துக் கருப்பையில் வைத்தாலொழிய ஒருநாளும் வளரப்போகாத கருவை, வைக்காமல் இருப்பது வேறொன்று. உங்கள் மாமியார் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார். அவருடைய தலைமுறைக்குக் கரு என்றால் வயிற்றில் இருப்பதுதான். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதில் எல்லாரும் என் பக்கம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கருவுற்ற கணத்திலிருந்தே மனிதருக்குரிய மரியாதை தர வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. கைவிடப்பட்ட உறைகருக்களின் நிலையை, உண்மையில் தீர்வே இல்லாத ஓர் அநீதி என்று வத்திக்கான் 2008ல் வெளியிட்ட ஆவணம் சொன்னது. இஸ்லாமிய அறிஞர்களில் பலர், 120 நாளில்தான் உயிர் ஊதப்படுகிறது என்ற ஹதீஸை அடிப்படையாக வைத்துப் பேசுகிறார்கள். கருவழிப்பைப் பெரும் பாவமாகச் சொல்லும் தர்ம சாஸ்திரங்கள் வயிற்றில் இருக்கும் கருவைத்தான் மனதில் வைத்திருந்தன. ஆய்வகக் கருவைப் பற்றி இந்து மரபில் ஒரே குரல் என்று எதுவும் இல்லை. உங்கள் நம்பிக்கை உங்களுக்கு ஒன்றைச் சொன்னால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு என் பேச்சைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இருந்தாலும், கருவைக் குழந்தை என்று சட்டமே சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் அலபாமாவில் பார்த்தோம். மொபைல் என்ற பெயருள்ள நகரத்தின் ஆஸ்பத்திரி ஒன்றில் 2020 டிசம்பரில் ஒரு நோயாளி உறைகரு வைத்திருந்த அறைக்குள் புகுந்து சிலவற்றை வெளியே எடுத்துவிட்டார். கடுங்குளிர் கையைச் சுட, கீழே போட்டார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், உறைகருவும் சட்டப்படி குழந்தைதான் என்றது. சில நாட்களிலேயே பல மையங்கள் ஐ.வி.எஃப். சிகிச்சையை நிறுத்திவிட்டன. ஊசி போட்டுக்கொண்டு பாதி வழியில் நின்ற பெண்கள்தான் பாடுபட்டார்கள். மார்ச் மாதம் மாநில அரசு அவசரமாக வேறு சட்டம் போட்டு மையங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்த பிறகே வேலை மறுபடி தொடங்கியது. 1992ல் டென்னஸி மாநில உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. விவாகரத்தான தம்பதியின் ஏழு உறைகருக்களைப் பற்றிய வழக்கு அது. கரு ஆளும் அல்ல, சொத்தும் அல்ல. மனித உயிராக வளரக்கூடிய வாய்ப்பு இருப்பதால் தனி மரியாதைக்கு உரிய இடைநிலை என்றது நீதிமன்றம்.

அந்த மரியாதையை நாம் எப்படிக் காட்டுவது? என்னைப் பொறுத்தவரை, பெற்றோர் இருவரும் உட்கார்ந்து, தெரிந்து, பேசி, எழுத்தில் முடிவெடுப்பதுதான் அது. இந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பணம் கட்டாவிட்டால் மறுநாளே எதுவும் நடந்துவிடாது. கடிதம் வரும், போன் வரும். வீடு மாறியிருப்பீர்கள், நம்பர் மாறியிருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி ஒருநாள் யாரோ முடிவெடுப்பார்கள். அது என்றைக்கு என்று உங்களுக்குத் தெரியாது. பிரிட்டனில் 1996 ஆகஸ்டில் அன்றைய 5 வருட வரம்பு முடிந்தபோது, பதில் வராத, ஆளைக் கண்டுபிடிக்க முடியாத தம்பதிகளின் 3,000க்கும் மேற்பட்ட கருக்களை அழிக்க வேண்டி வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்து அழிப்பதில் நான் தவறு காணவில்லை. கேட்பாரில்லாமல் கிடக்க விடுவதைத்தான் தவறு என்கிறேன்.

சரி, நாத்தனார் விஷயம். நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏ.ஆர்.டி. சட்டம், அதாவது செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான சட்டம், கருவை விற்பதையும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடை செய்கிறது. சொந்த உபயோகத்துக்கு இடம் மாற்றவும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அதனால் சொந்த நாத்தனாராகவே இருந்தாலும், உங்கள் மையம் முடியாது என்றுதான் சொல்லும். 'எழுத்தில் ஏதும் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சட்டம் நாளைக்கே மாறினாலும் உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் நாலு கருவில் ஒன்று நாத்தனார் வயிற்றில் வளர்ந்து பையனாகப் பிறந்தால், ரத்தத்தால் அவன் உங்கள் மகளுக்கு உடன்பிறந்த தம்பி. ஊர் கண்ணுக்கு அவன் அவளுடைய அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறை. உண்மையை மூடி வைத்தால், இருபது வருடம் கழித்து 'முறைதானே' என்று பேச்சை எடுக்கப்போவது இதே குடும்பம்தான். உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு பிள்ளைகளிடமும் சின்ன வயதிலேயே சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் குடும்பம் தயாரா? நாத்தனாரின் எட்டு வருட வேதனை பெரிது. அவருக்கு நல்ல மருத்துவரைக் காட்டுங்கள், சிகிச்சைச் செலவில் பங்கு எடுங்கள். தானம் தருவதை மட்டும் உங்கள் குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரமாக வைக்காதீர்கள். அதே காரணத்துக்காக வேண்டாத இன்னொரு பிரசவத்துக்கும் போகாதீர்கள். இரண்டாவதையும் நான் பார்த்திருக்கிறேன். சம்மதம் என்று அவர்கள் வாய்தான் சொல்லும், முகம் சொல்லாது.

இனி செய்ய வேண்டியவை. 2022ல் நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்களில் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ கருவை என்ன செய்வது என்று எழுத்தில் வாங்காமல் உறைய வைக்கக் கூடாது என்பது சட்டம். முட்டை எடுக்கிற அன்று காலை, வெறும் வயிற்றோடு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது நீட்டப்படும் காகிதங்களில் அதுவும் ஒன்று. பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். அதை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. மெல்போர்னில் இரண்டு கருவை உறைய வைத்திருந்த ஒரு தம்பதி 1983ல் விமான விபத்தில் இறந்துபோனார்கள். எந்த அறிவுறுத்தலும் எழுதி வைக்கவில்லை. ஓர் ஊரே, பிறகு உலகமே அந்த இரண்டு கருவைப் பற்றி வாதாடியது.

கரு கருப்பைக்குள் வைக்கப்படும் வரை உங்கள் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் ஒரு பெண், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளால் சினைப்பைகளை எடுக்கும் முன் சேமித்த ஆறு கருக்களுக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். முன்னாள் துணைவர் சம்மதத்தை விலக்கிக்கொண்டதால் 2007ல் தோற்றார். நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. ஆனாலும் விருப்பமில்லாத ஒருவரைத் தகப்பனாக்க முடியாது என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

சேமித்து வைக்க நம் சட்டம் தரும் உச்ச வரம்பு 10 வருடம். உங்களுக்கு அது 2032. அதன் பிறகு இரண்டே வழிதான்: அழிய விடுவது, அல்லது உங்கள் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுப்பது. ஆய்வுக்குத் தர விருப்பமென்றால், எந்த நிறுவனம், என்ன ஆய்வு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். 'ஆய்வுக்கு' என்று மொட்டையாக அச்சடித்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட வேண்டாம்.

அழிப்பது என்றால் என்ன செய்வார்கள் என்று பலரும் கேட்கத் தயங்குகிறார்கள். கரு உங்களுடையதுதானா என்று இரண்டு பேர் பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பார்கள். பிறகு பட்டையை நைட்ரஜனிலிருந்து எடுத்து அறை வெப்பநிலையில் வைத்துவிடுவார்கள். கருவை வளர்க்கும் திரவம் இல்லாததால் செல்கள் செயலற்றுவிடும். அவ்வளவுதான். என்றைக்குச் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள் என உங்கள் மையத்திடம் கேட்கலாம். அன்று கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் விளக்கேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் செய்யாமல் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எது உங்களுக்கு ஒத்துவருமோ அதைச் செய்யுங்கள்.

சிகிச்சை தொடங்கப்போகும் தம்பதிகளுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உபரிக் கரு இருப்பதால்தான், முதல் தடவை பலிக்காதபோது அந்தப் பெண் மறுபடி முட்டை எடுப்பதற்கான ஊசியும் மயக்க மருந்தும் இல்லாமல் அடுத்த முயற்சிக்குப் போக முடிகிறது. அது பெரிய வசதி. ஆனால் எடுத்த முட்டை எல்லாவற்றையும் கருவாக்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கரு மீதமானால் மனசு தாங்காது என்று நினைப்பவர்கள், சில முட்டைகளைக் கருவாக்காமல் அப்படியே உறைய வைக்கலாமா என்று முன்னாலேயே கேளுங்கள். முட்டையைக் கைவிடுவது யாரையும் இந்த அளவுக்கு வருத்துவதில்லை. வாய்ப்பு கொஞ்சம் குறையலாம். உங்கள் வயதையும் முட்டைகளின் எண்ணிக்கையையும் வைத்து மருத்துவர் அதை விளக்குவார்.

உங்களுக்கு வருகிறேன். புதுப்பிக்கும் தேதிக்குள் மனசு தெளியவில்லை என்றால், இந்த ஒரு வருடத்துக்குப் பணம் கட்டுங்கள். அது கோழைத்தனம் இல்லை. முடிவெடுப்பதற்கு ஒரு மாதத்தை நீங்களே குறித்து வையுங்கள். அதற்கு முன் மையத்தில் இருக்கும் ஆலோசகரைக் கணவரோடு போய்ப் பாருங்கள். ஆலோசனை தருவது மையத்தின் சட்டக் கடமை. மாமியார் வர விரும்பினால் அவரையும் கூட்டிப் போங்கள், அவர் கேள்விக்கும் பதில் கிடைக்கட்டும். கையெழுத்து மட்டும் நீங்கள் இருவரும் போட வேண்டியது.