62 ஷாட், இரண்டு நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்படக் கல்வியில் இரண்டாமாண்டு மாணவன் நான். முதல்முறையாக ஒரு குறும்படம் இயக்கப்போகிறேன். திரைக்கதை எட்டுப் பக்கம். ஒரே வீடு, இரண்டு நாள் படப்பிடிப்பு, என்னோடு சேர்த்து ஆறு பேர். ஷாட் பட்டியலில் 62 ஷாட் வந்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் சாப்பாட்டு மேஜையில் சண்டை போடும் இரண்டு பக்கக் காட்சிக்கு மட்டும் 18. அண்ணன் முகம், தம்பி முகம் என்று மாறி மாறி எழுதியிருக்கிறேன். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் போதுமா, நல்ல லென்ஸ் வாடகைக்கு எடுக்கவா? ஏதாவது ஒன்றை வாடகைக்கு எடுக்கத்தான் பணம் இருக்கிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

லென்ஸை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் உறுத்துவது அந்த 62தான்.

ஒரு நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வையுங்கள். சாமான் இறக்கி முதல் ஷாட்டுக்குத் தயாராக ஒன்றரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, கடைசியில் எல்லாவற்றையும் கட்டி எடுக்க அரை மணி. மிச்சம் ஏழு. கேமராவை ஓரிடத்தில் வைத்து, ஒளியமைத்து, ஒத்திகை பார்த்து, நாலைந்து டேக் எடுக்க மாணவர் குழுவுக்கு 35 நிமிடமாவது பிடிக்கும். அதற்குக் கீழே கணக்குப் போடுவது நப்பாசை. ஆக ஒரு நாளுக்குப் பன்னிரண்டு இடம், இரண்டு நாளுக்கு 24.

இடம் என்றுதான் சொல்கிறேன், ஷாட் என்று இல்லை. நீங்கள் எழுதிய 18, எடிட்டிங்கில் வரப்போகும் வெட்டுகள். எடுக்கும்போது அவை ஆறே இடம்: காட்சி முழுவதையும் இருவரும் தெரிய எடுக்கும் மாஸ்டர், தம்பியின் தோளுக்கு மேலாக அண்ணன், அண்ணனின் க்ளோசப், மறுபக்கம் திரும்பித் தம்பிக்கு அதே இரண்டு, மேஜைமேல் கை. ஒவ்வொன்றிலும் காட்சியை முழுக்க ஓட விடுங்கள். மூன்றரை மணி நேரம் ஆகும். மீதி 44 ஷாட்டையும் இப்படியே இடமாகக் கூட்டிப் பாருங்கள். 18 இடத்துக்கு மேல் போனால் இப்போதே, வீட்டில் உட்கார்ந்து வெட்டுங்கள். லொகேஷனில் நேரம் போதாமல் வெட்டினால் கடைசியில் எடுக்க வைத்ததுதான் பலியாகும். அது தேவையில்லாத ஷாட்டாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறு பேரில் ஒருவருக்குக் கடிகாரம் பார்ப்பது மட்டுமே வேலை. அவர் நீங்களாக இருக்கக்கூடாது.

மேஜைக் காட்சியில் மாஸ்டர் முதலில். பிறகு ஒரு பக்கம் பார்க்கும் எல்லாவற்றையும் முடித்துவிட்டே மறுபக்கம் திரும்புங்கள். திரும்பும்போது விளக்கு, ஸ்டாண்ட், ஒளித்து வைத்த பைகள் எல்லாமே இடம் மாற வேண்டியிருக்கும், அன்றைய நேரத்தில் விழும் பெரிய ஓட்டை அதுதான். நடிகர்கள் இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டு, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். இருவரில் அனுபவம் குறைந்தவரின் க்ளோசப்பை முதலில் எடுத்துவிடுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவரிடம் எதுவும் மிச்சம் இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் அதற்குள் வெயிலும் நகர்ந்திருக்கும். திரையை இழுத்துவிட்டு உங்கள் விளக்கை நம்புங்கள்.

சண்டைக் காட்சிக்கென்றே ஒரு பொறி உண்டு. கோபத்தில் ஒருவர் பேச்சில் மற்றவர் பாய்வார். கேட்க நிஜமாக இருக்கும். ஆனால் அண்ணனின் க்ளோசப்பில் அவர் வசனத்தின்மேல் தம்பியின் குரல் ஏறியிருந்தால் அந்த இடத்தில் எடிட்டரால் வெட்ட முடியாது. வெட்டினால் பாதிச் சொல் தொங்கும். க்ளோசப் எடுக்கும்போது இரண்டு குரலுக்கும் நடுவில் நூலிழை இடைவெளி விடச் சொல்லுங்கள். குரல்மேல் குரல் ஏற்றுவதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட வேண்டுமா? ஒவ்வொரு டேக்குக்கும் தட்டை நிரப்ப வேண்டும், வாயில் உணவோடு வசனம் கேட்காது, எந்தச் சொல்லில் கை வாய்க்குப் போனது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த தட்டுகளோடு காட்சியைத் தொடங்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அதையும் ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் போனில் படம் எடுத்து அளவைச் சரிபாருங்கள்.

நடிகரிடம் ‘இன்னும் கொஞ்சம் கோபமா’ என்று சொன்னால் சத்தம்தான் கூடும். செய்ய ஒரு வேலை கொடுங்கள்: ‘அவன் எழுந்து போயிடணும், அப்படிப் பேசு’, ‘அழுகை வராம பார்த்துக்கோ’. ஒரு டேக்குக்கு ஒரே ஒரு குறிப்பு. கடைசி வசனம் முடிந்ததும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு ‘கட்’ சொல்லுங்கள். பல நேரம் எடிட்டிங்கில் கைகொடுப்பது அந்த ஐந்து விநாடி முகம்தான்.

இப்போது லென்ஸ். இருக்கிற ஜூம் போதும். வாடகைக்குப் பூம் மைக்கும் (நீளக் கம்பின் முனையில் பிடிக்கும் மைக்) ரெக்கார்டரும் எடுங்கள். மங்கலான படத்தை மன்னிக்கும் பார்வையாளர், புரியாத வசனத்தை மன்னிப்பதில்லை. மைக் ஃப்ரேமுக்குச் சற்று மேலே, பேசுபவரின் வாயை நோக்கி இருக்கட்டும். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். அதன் மீட்டரில் உரத்த குரல் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். கத்தல் வரும் இடத்தை முன்னதாகவே முழுக் குரலில் பேசவைத்து அளவு வையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு வரி மட்டும் கிழியும். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் உங்கள் வண்டிச் சாவியை வைத்துவிட்டால், அதைத் திரும்ப ஆன் செய்ய மறந்து வீட்டுக்குப் போக முடியாது. காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாத அறையின் ஒலியை, பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே இட்டு நிரப்ப அது தேவைப்படும்.

கேமராவில் ஆட்டோ என்று இருப்பதையெல்லாம் அணைத்து, ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரியவைக்கும் நிற அமைப்பு) கையால் வையுங்கள். விநாடிக்கு 24 அல்லது 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி. மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் நாட்டில் 1/60. மாற்றி வைத்தால் சில விளக்குகள் துடிக்கும், அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

நாள் முடிந்ததும் கார்டை இரண்டு தனித்தனி டிரைவில் நகலெடுத்து, இரண்டிலும் சில ஷாட்டுகளை ஓட்டிப் பார்த்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் இயக்குநர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.