வாசகர் கேள்வி – பதில்: கனடாவுக்கு எந்த ஆண்டில் எந்த வழி?

கேள்வி: சித்தப்பா 1986இல் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கி அகதி கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். இப்போது அப்படி ஏலாது என்கிறார்களே, ஏன்? – வாசகர், காரைநகர்

பதில்: அவர் போன நேரம் அப்படி. 1985 ஏப்ரலில் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோரிக்கையாளரின் நம்பகத்தன்மையில் சந்தேகம் இருந்தால் கடதாசியை மட்டும் பார்த்து நிராகரிக்கக்கூடாது, ஆளின் வாயால் கேட்க வேண்டும் என்றது. அத்தனை பேரை விசாரிக்க அப்போது ஏற்பாடு இல்லை, கோப்புகள் குவிந்தன. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்து 155 தமிழர் மீட்கப்பட்டதும் 1986 ஓகஸ்டில்தான். 1989இல் அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கத் தனியான அகதிச் சபை வந்தது.

அதற்குப் பிறகு பிடி இறுகியது. 2004 டிசம்பர் முதல், அமெரிக்காவில் இருந்து தரைவழிச் சாவடிக்கு வருபவர் அமெரிக்காவிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பப்படுகிறார். சாவடி இல்லாத இடத்தால் நுழைந்தவருக்கு இந்த விதி பொருந்தாமல் இருந்தது. 2023 மார்ச்சில் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள நெருங்கிய உறவினர் இருந்தால் விலக்கு உண்டு. சித்தப்பாவும் அதில் அடங்குவார். உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழோடு அப்பாவினதும் சித்தப்பாவினதும் தேவை. அப்பப்பா, அப்பம்மா பெயர்கள் அப்பாவினதிலும் சித்தப்பாவினதிலும் ஒத்திருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் இந்த விலக்கைத்தான் பெரிதாகச் சொல்லிக் காசு கேட்பார்கள். அது விசாரணைக்குள் போக மட்டுமே உதவும். உங்களுக்கென்று உள்ள ஆபத்தை நீங்கள்தான் நிறுவ வேண்டும்.

கேள்வி: போருக்கு முன்பு எம்மவர் ஏன் அதிகம் போகவில்லை? – வாசகர், நல்லூர்

பதில்: விடவில்லை. 1908இல், பிறந்த நாட்டில் இருந்து இடைநில்லாமல் ஒரே பயணத்தில் வந்தால்தான் அனுமதி என்றார்கள். இந்தியாவில் இருந்து அப்படி நேரடிக் கப்பல் சேவையே கிடையாது. ஆசியரிடம் கையில் 200 டொலரும் கேட்டார்கள். 1914இல் 376 பேரோடு வன்கூவர் வந்த கோமகாத்தா மாரு கப்பலை இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்திவைத்து, ஒரு சிலரை மட்டும் இறக்கிவிட்டுத் திருப்பினார்கள். 1951இல் கனடாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி இலங்கை முழுவதற்கும் ஆண்டுக்கு 50 பேர்தான். 1962இல் இனபேதம் பெரும்பாலும் நீக்கப்பட்டது. 1967இல் புள்ளி முறை வந்தது: நூற்றுக்கு 50 எடுத்தால் போகலாம். கல்வி, தொழில், வயது, மொழி என்று புள்ளி பிரித்தபோது படித்த தொழில்வல்லுநருக்குப் பாதை திறந்தது.

கேள்வி: எனக்கு 46 வயது. புள்ளி முறையில் போடலாமா? – வாசகர், கொக்குவில்

பதில்: போடலாம், ஆனால் 2015இல் வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணையவழித் தெரிவு முறையில் 45 ஆகிவிட்டாலே வயதுக்குச் சுழியம். தனியாளுக்கு 20 முதல் 29 வரை 110 புள்ளி. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளியும் 2025 மார்ச்சில் போய்விட்டது. அதைக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மொழிப் பரீட்சையில் பிரெஞ்சும் எடுத்தால் நிலைமை மாறலாம்.

கேள்வி: மகளுக்குக் கனடா மாப்பிள்ளை. எழுத்து (திருமணப் பதிவு) முடிந்துவிட்டது. ஸ்பொன்சருக்கு என்ன கவனிக்க வேண்டும்? – தாய், சாவகச்சேரி

பதில்: முதலில் மாப்பிள்ளையின் பழைய கோப்பைப் பாருங்கள். அவர் நிரந்தர வதிவிடம் பெற்ற திகதிக்கு முன்பே எழுத்து நடந்திருந்து, அதை அறிவிக்காமல் தனி ஆளாகப் போயிருந்தால், அந்த மனைவியைக் குடும்பப் பிரிவில் எடுக்க விதி இடம் தராது. பிள்ளையை மறைத்தாலும் இதுதான். 2019 முதல் சிலருக்குத் தற்காலிகத் தளர்வு உண்டு, எல்லாருக்கும் அல்ல. அவரே முன்பு ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் போனவர் என்றால், வதிவிடம் கிடைத்து 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். மனைவிக்கு மட்டும் என்றால் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. 3 ஆண்டு பராமரிப்புப் பொறுப்பு உண்டு. ஊனத்துக்கானது தவிர்ந்த அரச உதவிப் பணம் எடுப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது.

எழுத்து மட்டும் முடிந்து தாலி கட்டு பின்னுக்கு என்றால், அதிகாரிக்குச் சந்தேகம் வரும். ஏன் பிந்துகிறது என்று கடிதத்தில் சொல்லுங்கள். இரு வீட்டாரும் நிற்கும் படங்கள், பயணச் சீட்டுகள், மாதக்கணக்கான உரையாடல் பதிவுகள் வையுங்கள். 18 வயதின் பின் வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் ரிப்போர்ட் கேட்கப்படலாம். இலங்கை ரிப்போர்ட், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். கடவுச்சீட்டிலும் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பிலும் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபட்டால், சத்தியக்கடதாசியை இப்போதே முடித்து அதே கட்டோடு அனுப்புங்கள்.