டாலர் பாதியாகியும் பற்றாக்குறை ஏன் உடனே குறையவில்லை?

வணக்கம். டாலர் மதிப்பைக் குறைக்க அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாடுகள் செய்துகொண்ட 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு டாலர் அவ்வளவு சரிந்தும், ஜப்பானுடனான அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறை ஏன் உடனே சுருங்கவில்லை, கருத்தரங்கில் இதை எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுமார் 240 யென்னாக இருந்த டாலர், 1987 முடிவதற்குள் ஏறக்குறைய பாதியானது. ஆனால் நாணய மதிப்பு ஒரே நாளில் மாறலாம், வாங்கும் பழக்கம் மாறாது. ஏற்கெனவே கொடுத்த ஆர்டருக்கு இப்போது கூடுதல் டாலர் தரவேண்டும். அதனால் பற்றாக்குறை முதலில் ஏறி, அப்புறம்தான் இறங்கும். பாடப்புத்தகங்கள் இதை ஜே வளைவு என்கின்றன. போதாததற்கு, ஜப்பானிய நிறுவனங்கள் லாபத்தைக் குறைத்துக்கொண்டு டாலர் விலையை முடிந்தவரை உயர்த்தாமல் பார்த்துக்கொண்டன. அப்புறம் அமெரிக்காவிலேயே ஆலை போட்டன. டொயோட்டாவின் கென்டக்கி ஆலை 1988இல் கார் தயாரிக்கத் தொடங்கியது.

சரி, என் பார்வையில் முக்கியமான காரணம் வேறு. ஒரு நாடு சேமிப்பதைவிட அதிகம் முதலீடு செய்தால், அந்த இடைவெளி வெளியிலிருந்துதான் நிரம்பும். நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வர்த்தகம், வட்டி போன்றவற்றில் வெளிநாட்டிலிருந்து வருவதைவிட வெளியே போவது அதிகமாக இருப்பது, அதன் மறுபக்கம். அதிபர் ரீகன் காலத்து அமெரிக்க அரசு பட்ஜெட்டில் பெரிய ஓட்டை, அதனால் நாட்டின் சேமிப்பு குறைந்தது; ஜப்பானிலோ சேமிப்பு அதிகம். நாணயத்தை மட்டும் திருகி இதைச் சரிசெய்ய முடியாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: எல்லா நாடுகளுடனும் சேர்த்து அமெரிக்காவின் மொத்தப் பற்றாக்குறை 1987க்குப் பிறகு சில ஆண்டுகள் குறையத்தான் செய்தது. ஜப்பான் கணக்கையும் மொத்தக் கணக்கையும் தனித்தனி வரைபடமாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.