சுருதித் திருத்த மென்பொருளில் கமகம் உடைவது ஏன்?

வீட்டில் பாடிப் பதிவு செய்த குரலைச் சுருதித் திருத்த மென்பொருளில் இட்டதும், ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் கமகங்கள் படிக்கட்டுபோல் உடைந்து இயந்திரக் குரலாக ஒலிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூனும் அதன் வழியில் வந்த மென்பொருள்களும் குரலின் அதிர்வெண்ணைத் தொடர்ந்து கணித்து, நீங்கள் தேர்ந்த ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) மிக அருகிலுள்ள ஸ்வரத்துக்கு அதை இழுக்கின்றன. இழுக்கும் வேகத்தை ரீட்யூன் ஸ்பீடு என்ற அமைப்பு மில்லிநொடிகளில் தீர்மானிக்கிறது. அதைப் பூஜ்யத்தில் வைத்தால் இழுப்பு உடனுக்குடன் நடக்கும்; அப்போது தோடி ராகத்தின் காந்தாரம்போல் அசைவிலேயே உயிர்வாழும் ஸ்வரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே வழுக்கிச் செல்ல வழியின்றி, ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று தாவுகிறது. நீங்கள் கேட்ட படிக்கட்டு இதுதான்.

ஆகவே கமகம் மிகுந்த பாடலுக்குத் தானியங்கித் திருத்தத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெலோடைன் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே திரையில் பார்த்து, அதன் அசைவைத் தொடாமல் மையத்தை மட்டும் மேலோ கீழோ நகர்த்த முடியும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பாடியவரின் குரல் அவருடையதாகவே இருக்கும். மெல்லிசைக்குத் தானியங்கி முறையே போதும், ரீட்யூன் ஸ்பீடின் மில்லிநொடி எண்ணை மட்டும் தாராளமாகக் கூட்டி, இழுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தம்புரா ஒலியை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுப் பாடுங்கள். அது மைக்கில் கசிந்தால் மென்பொருளின் கணிப்பு தடுமாறும். பாடிய ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்துக்கான தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருந்தால் திருத்தம் தவறான ஸ்வரத்துக்கே இழுத்துவிடக்கூடும் என்பதால், அந்த வரியை மீண்டும் பாடிப் பதிவு செய்வதே நல்லது.